திண்டிவனத்தில் பெய்த பனி

என் மாமா எதை வரைந்தாலும் அதன்மேல் பனி விழுந்துவிடும். எங்கள் ஏரிக்கரையை வரையச் சொன்னேன். புளியமரத்தின் உச்சியிலும் வெள்ளை. திண்டிவனம், விழுப்புரம் ஸ்டுடியோக்களில் போட்டோவுக்கு நிற்பவர்களின் பின்னால் தொங்கும் திரைகள் அவர் வரைந்தவை. பனி மூடிய கூரைகள், இலையில்லாத மரங்கள், உறைந்துபோன ஓர் ஓடை. சித்திரை வெயிலில் பட்டும் வேர்வையுமாக வரும் புது ஜோடிகள் அந்தக் குளிரில் நின்று சிரித்துவிட்டுப் போவார்கள். மாமா பனியைக் காலண்டரில் பார்த்ததோடு சரி.

அம்மாவின் தம்பி அவர். தாய் தகப்பன் இல்லாததால் எங்களோடு இருந்தார். திருவாமாத்தூர்ப் பக்கம் ஒரு பெண்ணைப் பிடித்துப்போய், பெண்ணின் அப்பாவும் அத்தையும் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். சம்மதம் என்றால்தான் பெண் வீட்டார் கை நனைப்பார்கள் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். முன்பு வந்த இரண்டு வீட்டாரும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் உனக்கு வடை என்று சொல்லியிருந்தாள்.

கூடத்துச் சுவரின் விரிசலை மறைக்க மாமா தன் புதுத் திரையை மாட்டியிருந்தார். மின்விசிறிக் காற்றில் அந்தப் பனியூர் மெல்ல அசைந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் கூரைகள் மூச்சு விடும். நான் பாதங்களைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன்.

பெண்ணின் அப்பா நிலத்தில் மல்லாட்டைப் பயிர் போடுகிறவர். திரையை ஒரு நிலத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஏன் தம்பி, இவ்ளோ நெலத்தையும் தரிசா போட்டு வெச்சிக்கினு இருக்காங்களே, இந்த ஊர்ல என்னா வெள்ளாமை?"

மாமா தலையைச் சொறிந்தார். "பனி போனப்புறம்தாங்க வெதைப்பாங்க."

"ஆமா, துணியில வெதைச்சி நம்ம பொண்ணுக்கு சோறு போடப் போறாரு" என்றாள் அத்தை. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

பெண்ணின் அப்பா எழுந்து திரைக்குக் கிட்டே போனார். ஊர் முழுக்க அந்தி. ஒரே ஒரு ஜன்னல் மட்டும் மஞ்சளாக இருந்தது. அதில் விரலை வைத்தார்.

"இது மட்டும் எதுக்கு எரியுது?"

"வெளிய போனவங்க இன்னும் வரலீங்க" என்றார் மாமா. "அவ்ளோ குளிர்ல நடந்து வர்றாங்க. வூட்ல ஒரு ஆளு முழிச்சிக்கினு இருக்குன்னு தூரத்துலயே தெரியணும் இல்லீங்களா."

மாமா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

பெண்ணின் அப்பா அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே நின்றார். மின்சாரம் போனது. பனியூர் அசைவதை நிறுத்திக்கொண்டது. அத்தை பையை எடுத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாவுது, எழுந்து நின்னாச்சி இல்ல, கெளம்புண்ணா" என்றாள்.

அவர் திரும்பாமலே சொன்னார்: "இரு. சாப்ட்டுப் போலாம்."

உள்ளே அம்மா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மாமா என்னைத் தூக்கிக் கீழே விட்டார், காரணமில்லாமல். எனக்கு எதுவும் விளங்கவில்லை. அத்தனை நேரம் நின்றுகொண்டே இருந்ததில், பாவம், பெண்ணின் அப்பாவுக்குப் பசி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.