மிதந்த கால்

அந்த நாட்களில் போர்ட் பிளேரின் மரைன் ஹில்லில் மாமா வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது ஈரத்தோலின் வாடை. சமையலறைச் சுவரில், அடுப்புச் சூடு படும் இடத்தில், அவருடைய கால் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். மரத்தில் கடைந்த கெண்டைக்கால், தொடையில் இறுக்கிக் கட்டத் தோலுறை, இரண்டு பக்கமும் இரும்புக் கீல். மழை பிடித்துவிட்டால் தோலில் பூஞ்சை படரும். உப்புக்காற்றில் கீல் துருப்பிடித்து, அவர் மேடேறி வருகிற சத்தம் அவருக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிடும்.

மாமா என் அம்மாவின் தம்பி. தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் டெக்கில் வேலை பார்த்தவர். ஃபீனிக்ஸ் பே ஜெட்டித் துறையில் கப்பலைக் கரையோடு பிணைக்கும்போது வடம் சுருண்டு காலைப் பிடித்துக்கொண்டது. மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தவருக்கு அதே துறையில் டிக்கெட் கவுண்டர் வேலை கிடைத்தது. எனக்குப் போர்ட் பிளேரில் வேலையாகி அவரோடும் அத்தையோடும் தங்க வந்த நாட்களில், மாமா அதிகம் பேசாத மனிதராக இருந்தார். விபத்துக்கு முன்பெல்லாம் வேலை முடிந்ததும் கடலில் இறங்கிக் குளிக்காமல் அவர் வீடு திரும்பியதே இல்லையாம். இப்போது உப்புத்தண்ணீர் பட்டால் கால் வீணாகிவிடும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவர் கரையோடு நின்றுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் கால் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான்தான் அழைத்துப்போனேன். அதைச் செய்பவரை எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டார்கள். அவர் மாவுக்கட்டில் அளவெடுத்து, அச்சு வார்த்து, வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையை அடுப்பில் வைத்தார். சூடேறியதும் அது கண்ணாடி போலத் தெளிந்து துவண்டது. அப்படியே எடுத்து அச்சின் மேல் போர்த்தினார். பாதம் ரப்பர்.

“என்ன சாமான் பாய் இது?” என்றார் மாமா.

“பாலிப்ரொப்பிலீன். பக்கெட்டு, டப்பா எல்லாம் இதுலதான் பண்றாங்க. ஊறாது, துருப்பிடிக்காது. பேஃபிகரா, கவலையே இல்லாம கடல்ல இறங்குங்க.”

மாமா அன்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் கடற்கரைக்குப் போனோம். அவர் இடுப்பளவு தண்ணீர் வரை நடந்து, முன்னால் சாய்ந்து நீந்தப் பார்த்தார். உள்ளே காற்றடைத்த அந்தப் பிளாஸ்டிக் கால் சடாரென்று மேலே கிளம்பியது. வெளியே தெரிந்தது ரப்பர்ப் பாதம் மட்டும்தான். தலை தண்ணீருக்குள் போய்விட்டது. நான் ஓடிப்போய்க் கழுத்தோடு அணைத்துத் தூக்கினேன். இருமிக்கொண்டே கரையேறியவரைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும், “பழைய காலையே எடு” என்றார். அந்த மழைக்காலம் முழுக்க மறுபடியும் தோல் வாடைதான்.

ஒருநாள் அத்தை பிளாஸ்டிக் காலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, “வாடி, ஆஸ்பத்திரி வரைக்கும்” என்றாள். கடல் என்றாலே அவளுக்குக் குலை நடுங்கும். மாமா கடல் பக்கம் போகாமல் இருப்பதே அவளுக்கு நிம்மதி என்று நினைத்திருந்தேன். அவளோ பாயிடம், “இது மிதக்குதுங்க. மூழ்கற மாதிரி பண்ணிக் குடுங்க” என்றாள்.

பாய் சிரிக்கவில்லை. காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே ஒரு துளை, கெண்டைக்கால் உச்சியில் ஒரு துளை போட்டார். “கீழ தண்ணி போகும், மேல காத்து வெளியேறும்” என்று தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தினார். குமிழிகள் வந்து ஓய்ந்தன. பாதத்தின் கனத்தில் கால் தண்ணீருக்குள் நேராக நின்றது.

பஸ்ஸில் கேட்டேன்: “உங்களுக்குப் பயமா இல்லையா அத்தை?”

“பயந்தான். ஆனா அந்தக் கவுண்டர்ல உக்காந்து உக்காந்து மனுசன் செத்துக்கிட்டிருக்காரு. அதைப் பார்க்கிறதுக்கு இந்தப் பயம் தேவலை.”

மாமாவைச் சம்மதிக்க வைக்க அவளுக்கு வெகுநாளாயிற்று. கடைசியில் ஒரு சாயங்காலம் இறங்கினார். அத்தையும் சேலையோடு இடுப்பளவு தண்ணீருக்கு வந்து, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா சாய்ந்தார். கால் அடங்கிக் கிடந்தது. அவர் கைவீசி நீந்தினார். சட்டை அவள் பிடியிலிருந்து நழுவியது. தூரத்தில் தலை மட்டும் தெரிந்தது. அவர் திரும்பி வரும்வரை அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

கரையேறி நின்றவரின் காலிலிருந்து தண்ணீர் பீய்ச்சி வடிந்தது. அதைப் பார்த்ததும் அத்தை வாய்விட்டு அழுதாள். விபத்து நடந்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை என்று அம்மா பிறகு சொன்னார்.

“அரே, என்னடி? கால் நல்லாத்தானே இருக்கு?” என்றார் மாமா.

“அதுக்குத்தான் அழறேன்.”

கப்பல் வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஓய்வு பெறும்வரை கவுண்டரிலேயே இருந்தார். இப்போது இருவரும் வடக்கே ரங்கத் என்ற ஊரில், கட்டிக்கொடுத்த மகளோடு இருக்கிறார்கள். கார்பன் நாரில் செய்த பாதமும் டைட்டானியத் தண்டும் கொண்ட புதுக் கால் ஒன்று மெயின்லேண்டிலிருந்து வந்திருக்கிறது. அது அவ்வளவு லேசாக இருப்பதைப் பார்த்து மாமா இன்னும் வியந்து முடியவில்லை. கடலுக்கு மட்டும் துளை போட்ட பிளாஸ்டிக் கால்தான். போன விடுமுறையில் நானும் அவர்களோடு கடலுக்குப் போனேன். எந்த வயதில் கற்றுக்கொண்டாளோ தெரியவில்லை, அத்தை இப்போது மாமாவைவிட வேகமாக நீந்துகிறாள்.