வரி கட்டாதவர் வாசலில் பேண்டு வாத்தியம்

பதினேழாம் வட்டத்துப் பில் கலெக்டருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. வட்டத்து ஜனங்களுக்கு அவர் ‘மன்னிக்கணும்’. கதவைத் தட்டுவார். திறந்ததும், "மன்னிக்கணும், சொத்து வரி கொஞ்சம் பாக்கி இருக்கு போல" என்பார். பார்த்தால் ஏழு வருஷத்துப் பாக்கியாக இருக்கும். "அடுத்த மாசம் பாக்கலாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர்கள் இவருக்கு ஏதோ உபகாரம் செய்துவிட்ட மாதிரி நன்றி சொல்லிவிட்டுப் படி இறங்கிவிடுவார். இப்படியே இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

அவர் மனைவி வேறு ரகம். தையல் கடை வைத்திருந்தாள். கூலி பாக்கி வைத்தவர்களின் சட்டைக்கு ஒரு கையை மட்டும் தைத்து, கடை வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிவைப்பாள். பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த புருஷனைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வருஷம் மாநகராட்சிக்குப் புதிதாக ஒரு வருவாய் அலுவலர் அம்மா வந்து சேர்ந்தார். நாற்பது வட்டங்களின் வசூலையும் கோடு கோடாக வரைந்து சுவரில் மாட்டினார். புள்ளி அளவே இருந்த பதினேழாம் வட்டத்துக் கோட்டை மை சிந்திய கறை என்று நினைத்துக் கடைநிலை ஊழியர் ஈரத்துணியால் துடைத்துவிட்டார். மறுநாளே நம்மவருக்கு அழைப்பு வந்தது. போய் நின்றார்.

"உங்க வட்டத்துல தெருவிளக்கு எரியுதா?"

"பாதி எரியுது மேடம். மன்னிக்கணும்."

"மீதியும் எரியணும்னா பணம் வரணும். நீங்க கேக்குற விதத்துல அது வராது. அதனால இனிமே நீங்க கேக்க வேண்டாம். பேண்டு வாத்தியம் கேக்கும்."

திட்டம் இதுதான். பெரிய டிரம், கிளாரினெட், டிரம்பெட் என்று மூன்று பேர். பாக்கி வைத்தவர் வீட்டு வாசலில் நின்று வாசிப்பார்கள். தெருவே கூடிவிடும். மனிதர் மானத்துக்குப் பயந்து பணத்தைக் கொண்டுவந்து கொட்டுவார். ரசீதுப் புத்தகத்தோடு பக்கத்தில் நிற்பது மட்டும்தான் நம்மவர் வேலை.

முதல் வாசல், ஏழு வருஷப் பாக்கி வைத்திருந்த நாற்காலிக் கடைக்காரருடையது. பேண்டுக்காரர்கள் அதுவரை கடை திறப்பு விழாக்களில் மட்டுமே வாசித்தவர்கள்.

"கேட்டதும் அவமானமா இருக்கிற மாதிரி ஏதாவது வாசிக்கத் தெரியுமா?" என்று நம்மவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

கிளாரினெட்காரர் யோசித்துப் பார்த்தார். "அதுக்குன்னு எங்களை யாரும் இதுவரைக்கும் கூப்பிட்டதில்லையே சார்."

வேறு வழியில்லாமல் துள்ளலாக ஒரு பாட்டை எடுத்துவிட்டார்கள். நாற்காலிக் கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். உள்ளே போனார். பணம் எடுக்கத்தான் போகிறார் என்று நம்மவர் ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தார். திரும்பி வந்தவர் கையில் நாற்காலிகள் இருந்தன. வரிசையாகப் பன்னிரண்டு போட்டு, அக்கம்பக்கத்தாரை உட்காரவைத்தார்.

"எங்கம்மாவுக்குக் காது மந்தம். டிரம் கொஞ்சம் கிட்ட வந்துருங்க" என்றார்.

நாற்பது நிமிஷம் வாசித்தும் சல்லிக்காசு பெயரவில்லை. பெயர்ந்தது எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரின் பொறுமைதான். "பத்தொன்பது வருஷமா முதல் வாரத்துலயே வரி கட்டுறேன். என் வீட்டு வாசல்ல ஒரு பீப்பியாவது ஊதியிருக்கீங்களா?" என்று நம்மவரைப் பிடித்துக்கொண்டார்.

செய்தி வட்டம் முழுக்கப் பரவியது. ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் தெருவிலிருந்து ஒரு பெண்மணி போன் செய்தார். "இருபதாம் தேதி என் பொண்ணுக்குப் பொறந்தநாள். அதுவரைக்கும் வரி கட்டுறதா இல்ல. சாயந்திரம் அஞ்சு மணிக்கு வந்து எங்களை அவமானப்படுத்திட்டுப் போங்க."

இரண்டே மாதத்தில் வசூல் இன்னும் சரிந்தது. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி விஷயத்தைக் கறந்தாள். "கூலி குடுக்காதவனுக்குத் துணியைக் குடுத்துட்டு, குடுத்தவனுக்குக் கத்திரிக்கோலைக் காட்டினா என் கடை நடக்குமா? என்ன ஆபீஸ் நடத்துறீங்க?" என்றாள்.

மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே அவர் வருவாய் அலுவலர் அறைக்குள் போனார். "மேடம், பேண்டைத் திருப்பிடலாம். கட்டினவங்களுக்கு வாசிக்கலாம். முழு வருஷ வரியையும் முன்கூட்டியே கட்டினா, அவங்க சொல்ற நாள்ல அரை மணி நேரம்."

அந்த அம்மா கணக்குப்பொறியைத் தட்டினார். மறுபடி தட்டினார். கணக்கு அலுவலரைக் கூப்பிட்டார். அவரோ பட்ஜெட்டில் இருக்கிற செலவுத் தலைப்புகளையெல்லாம் புரட்டிவிட்டு, "ஒழுங்கா கட்டினவங்களைச் சந்தோஷப்படுத்துறதுக்குன்னு நம்மகிட்ட தலைப்பே இல்லையே மேடம்" என்று கையைப் பிசைந்தார். கடைசியில் பேண்டுச் செலவைக் ‘கொசு ஒழிப்பு: புகை மற்றும் ஒலி’யில் தள்ளிவிட்டார்கள்.

முதல் கச்சேரி வாத்தியார் வீட்டில். முழங்காலில் கை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, டிரம்பெட் சுருதி சேரவில்லை என்று எழுத்து மூலம் ஒரு புகாரும் கொடுத்தார். மறுவாரம் வரி கட்டும் ஜன்னலில் வரிசை தெருமுனை வரை நின்றது.

நாற்காலிக் கடைக்காரர் மட்டும் அசையவில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் வாசித்தாயிற்று. அவருடைய அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு நாள் பேண்டோடு போய்க்கொண்டிருந்த நம்மவரை வழிமறித்தார்.

"எங்க வீட்டுக்கு எப்பப்பா?"

"மன்னிக்கணும்மா, பாக்கி இருக்கு."

"என்ன?"

"வரிப் பாக்கி இருக்கும்மா."

"வாய்க்குள்ளயே பேசினா எப்படிப்பா?"

இருபத்தாறு வருஷமும் அந்தத் தொண்டைக்குள் என்னதான் சேர்ந்து கிடந்ததோ, தெரியவில்லை. நம்மவர் மூச்சை இழுத்து, "உங்க பையன் ஏழு வருஷமா வரி கட்டலம்மா" என்று கத்தினார். டிரம்காரர் காதைப் பொத்திக்கொண்டார். மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. சலூனில் பாதி முகம் மழித்த நிலையில் ஒருவர் வெளியே ஓடிவந்தார்.

"ஏழு வருஷமா?" என்று அம்மா, கடை வாசலுக்கு வந்து நின்ற மகன் பக்கம் திரும்பினார். அதை அவரும் மெதுவாகக் கேட்கவில்லை.

அன்று மாலைக்குள் ஏழு வருஷப் பாக்கியும் அபராதமும் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தன. சுவரில் பதினேழாம் வட்டத்துக் கோடு மூன்றாவது இடத்துக்கு ஏறியது. நம்மவருக்கு மூன்று நாள் தொண்டை கட்டிக்கொண்டது. மனைவி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். "எனக்கே கடையில கேட்டுச்சு" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

நான்காம் நாள் வருவாய் அலுவலர் குடிநீர்க் கட்டணப் பாக்கியையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டார். நம்மவர் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். தலை துவட்டிக்கொண்டே ஒருவர் வந்து திறந்தார்.

"தண்ணி பில்லா? இதுக்கு என்ன பாட்டுங்க வாசிப்பீங்க?"

"இதுக்குப் பாட்டு எதுவும் இல்லைங்க" என்ற நம்மவர், கரகரத்த தொண்டையை லேசாகச் செருமிக்கொண்டார். "நான்தான் பேசணும்."

"ஐயோ, நீங்க சிரமப்படாதீங்க சார்" என்று வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடி, ஒரு சீட்டோடு திரும்பி வந்தார். "எவ்வளவுன்னு இந்தச் சீட்டுல எழுதிக் குடுங்க, போதும்."