கயலின் அவுட்டிங் நாளில் நாமக்கல்லைச் சுற்றிய கதை

அக்கினி நட்சத்திரத்தில் யாராவது நாமக்கல்லுக்குச் சுற்றுலா போவார்களா என்று கேட்காதீர்கள். பிள்ளையை அங்கே விடுதிப் பள்ளியில் விட்டிருப்பவர்கள் போவார்கள். ஊரே ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் கிளம்பும் மே மாதத்தில், பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கு அங்கே பாடம் ஆரம்பித்துவிடுகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, பெற்றோர் வந்து வெளியே அழைத்துப் போகலாம். அதற்குப் பெயர் அவுட்டிங். எங்கள் குடும்பத்துக்கு இந்த வருடத்துக் கோடை விடுமுறை என்பது அந்த ஒரு பகல்தான்.

நாங்கள் விழுப்புரம். மகள் கயல்விழி போன வருடத்திலிருந்து நாமக்கல்லில் படிக்கிறாள். புதன்கிழமை தோறும் விடுதி போனில் ஐந்து நிமிடம் பேசுவாள். அவுட்டிங்குக்கு முந்தைய புதன்கிழமை, நான்கு நிமிடம் சாப்பாட்டையும் தலைமுடியையும் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் மெதுவாகச் சொன்னாள்: “நீ வரும்போது ஒண்ணு சொல்லணும்மா. போன்ல வேணாம்.”

அவ்வளவுதான். அன்றைக்கு அடுப்பில் வைத்த பால் இரண்டு முறை பொங்கியது. இங்கே இருக்க முடியாது, வீட்டுக்குக் கூட்டிப் போ என்றுதான் சொல்லப் போகிறாள், வேறு என்ன இருக்கும்? பன்னிரண்டாம் வகுப்பில் போய்ப் பள்ளி மாற்றுவதா? யார் சேர்த்துக்கொள்வார்கள்? அவள் டாக்டர் கனவு என்னாவது? என் கணவர் எதற்கும் பதறாத மனிதர். “நேர்லதான சொல்றன்னு சொல்றா, போய்க் கேப்போம்” என்றார். எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது. அதனால் என்ன செய்தேன் தெரியுமா? இந்த வலைப்பூவை நான்கு வருடமாகப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். திட்டம் போட்டேன். ஆஞ்சநேயர், நரசிம்மர், கோட்டை, மோகனூர்க் காவிரி, கமலாலயக் குளம் என்று ஒரே நாளில் ஐந்து இடம். பிள்ளைக்கு மூச்சுவிட நேரம் இருந்தால்தானே அந்த ஒன்றைச் சொல்வாள்?

சனிக்கிழமை காலை எட்டரைக்கு விழுப்புரத்தில் சேலம் பஸ் பிடித்தோம். சுமார் நூற்றெழுபது கிலோமீட்டர், நாலரை மணி நேரம், டிக்கெட் தலைக்கு நூற்றெண்பது ரூபாய். வலது பக்கம் உட்காராதீர்கள், வெயில் தோலை உரித்துவிடும். ஆத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை வருகிறது, ஆனால் காற்று வருவதில்லை. வாழப்பாடியில் ஏறிய ஒரு அம்மா கூடை நிறைய மாங்காயை என் காலடியில் வைத்துவிட்டு, “கொஞ்சம் காலை மடக்கிக்கம்மா” என்று உரிமையாகச் சொன்னார். மடக்கிய கால் சேலம் வரை நீளவே இல்லை.

சேலத்தில் பேருந்து நிலையம் பக்கத்திலேயே அறை எடுத்தோம், எழுநூறு ரூபாய். மின்விசிறி நெருப்பைத்தான் வாரி இறைத்தது. அவர் படுத்ததும் தூங்கிவிட்டார். நான் மூன்று முறை குளித்தேன். மாலையில் அவரை எழுப்பிக் கடைவீதிக்கு இழுத்துப் போய், கயலுக்குப் பிடித்த தட்டுவடை செட்டு வாங்கினேன். நாளைக்குள் நமத்துப்போகும் என்று கடைக்காரர் சொல்லியும் கேட்கவில்லை. அவர் சொன்னதுதான் நடந்தது.

ஞாயிறு காலை ஆறரைக்கு நாமக்கல் பஸ். ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். நாமக்கல் நெருங்க நெருங்க சாலையோரம் முழுக்க லாரிகள் எலும்புக்கூடாக நிற்கின்றன. பாடி கட்ட வந்தவை. வெறும் இஞ்சினும் சக்கரமும், ஓட்டுநர் இருக்கைக்குக் கூரைகூட இல்லாமல். புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் வர நகரப் பேருந்து உண்டு.

பள்ளி வாசலில் எங்களுக்கு முன்பே நூறு பேர் தூக்குச்சட்டியோடு நின்றார்கள். எதிரில் வரிசையாக ஆட்டோக்கள். அவுட்டிங் நாளுக்கென்றே வருகிறவை. ஒரு ஓட்டுநர், பெயர் குமரேசன், என் கையிலிருந்த பையை வாங்கி ஆட்டோவில் வைத்த பிறகுதான் பேசவே ஆரம்பித்தார்.

“ஏனுங்க, எத்தன எடம் பாக்கறீங்க?”

“அஞ்சு. மோகனூரும் சேத்து.”

“அஞ்சுங்களா! இந்த வெயில்லயா? செரி, ஆயரத்து நானூறு குடுங்க. மத்தவங்க ஆயரத்து எரநூறுன்னு சொல்லுவாங்க, ஆனா அவிய மோகனூரு வரமாட்டாங்க.”

கயல் வெளியே வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என்னைக் கட்டிக்கொண்டு விடவில்லை. “அம்மா…” என்று ஆரம்பித்தாள். “வா வா, முதல்ல ஆஞ்சநேயர், ஒரு மணிக்கு நடை சாத்திடுவாங்க” என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அப்போது மணி ஒன்பதேகால். ஆட்டோவில் ஏறிய என் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

ஆஞ்சநேயரைப் பற்றி: பதினெட்டு அடி உயரம், தலைக்கு மேல் கூரை கிடையாது, வெயிலிலும் மழையிலும் அப்படியே நிற்கிறார். எதிரே நரசிம்மர் கோயிலைப் பார்த்துக் கைகூப்பிய கோலம். அவருக்கு வெயில் சுடவில்லை, எங்களுக்குத்தான் சுட்டது. நான் வடைமாலைக்கு விசாரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கயல் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். எழுப்பினேன். நரசிம்மர் கோயிலுக்குள் பாறையைக் குடைந்த குகையில் குளிர்ச்சியாக இருந்தது. அங்கேயும் நின்றபடியே அவள் கண் சொருகியது. வெளியே கூட்டி வந்தேன்.

கோட்டைக்குப் பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள். எங்களிடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. பத்தரைக்கு ஏறினோம். அந்த நேரத்துக்குப் பிறகு ஏறாதீர்கள், பாறை தோசைக்கல் ஆகிவிடும். பாதிப் படியில் கயல் நின்றாள். “அம்மா, நான் சொல்லணும்னு சொன்னேன்ல…” “மேல போய்ச் சொல்லு, வெயில் ஏறுது பாரு” என்று இரண்டு படியாகத் தாண்டி ஏறினேன். நாற்பத்தாறு வயதில் எனக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

மேலே காற்று அருமை. ஊர் முழுவதும் தெரிகிறது. தகரக் கொட்டகைகள், தூரத்தில் நீள நீளமாகக் கோழிப் பண்ணைகள், அதற்கப்பால் கொல்லிமலை. படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு குடும்பம் வந்து எங்களையும் சேர்த்து செல்ஃபி எடுத்தது. அந்தப் படத்தில் நான் பல் தெரியச் சிரிக்கிறேன். பின்னால் மதில் நிழலில் கயல் கையைத் தலைக்கு வைத்துச் சுருண்டு படுத்திருக்கிறாள்.

மதியச் சாப்பாடு மூவருக்கும் சேர்த்து ஐந்நூற்று இருபது ரூபாய். நாமக்கல் வந்துவிட்டு முட்டை சாப்பிடாமல் போவதா என்று முட்டை மசாலா சொன்னேன். கயல் தட்டைத் தள்ளி வைத்தாள். “அம்மா, விடுதில தெனமும் முட்டைதான்மா. வெறும் ரசம் ஊத்து.” இரண்டு கவளம் ரசம் சோறு சாப்பிட்டாள். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் அப்பளம் வைத்தேன், மோர் ஊற்றினேன், தோழிகளைப் பற்றி விசாரித்தேன்.

ஆட்டோவில் ஏறும்போது குமரேசன் மெதுவாகச் சொன்னார். “பாப்பாவுக்குக் கண்ணு சொருவுதுங்களே. எங்கியாச்சும் நெழல்ல போட்டுட்டாத் தூங்குமுங்க. ஆத்துல தண்ணியும் கெடயாதுங்க, மணலுதான்.”

“பரவால்ல, மோகனூர் போங்க” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

மோகனூர் பதினெட்டு கிலோமீட்டர். போகும் வழி முழுக்கக் கயல் அவள் அப்பா மடியில் தலைவைத்துத் தூங்கினாள். ஆற்றங்கரை வந்தது. “நான் எழுப்ப மாட்டன். நீ போய்ப் பாத்துட்டு வா” என்றார் என் கணவர். இருபது வருடத்தில் என்னிடம் அவர் ‘மாட்டேன்’ என்று சொன்னது அபூர்வம். கோபமாகக் கரைக்குப் போனேன். அகலமான மணல், நடுவில் சிறு வாய்க்கால் போலக் காவிரி. தனியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்க முடியும்? ஐந்து நிமிடத்தில் திரும்பிவிட்டேன்.

கயல் எழுந்து உட்கார்ந்திருந்தாள். “இப்பவாவது சொல்லட்டுமா?” என்றாள். ஓட எனக்கு இடமில்லை. சொல்லு என்றேன்.

“அடுத்த அவுட்டிங்குக்கு நீங்க வர வேணாம்மா.”

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று அவரைப் பார்த்தேன். அவர் குனிந்துகொண்டார்.

“நீங்க வந்துட்டுப் போனா எனக்கு மூணு நாள் ஆவுது. கிளாஸ்ல உக்காந்தா வீடுதான் கண்ணுல நிக்குது. ராத்திரி அழுவுறேன். அப்பறம் மறுபடியும் பழகணும். அப்பா அம்மா வராத பசங்க அன்னிக்கு நல்லாத் தூங்கறாங்க, திங்கக்கிழமை அவங்க பாட்டுக்குப் படிக்கறாங்க.”

“இங்க உனக்குப் புடிக்கலயா? வீட்டுக்கு வந்துடறியா?”

“புடிச்சிருக்கும்மா. அதனாலதான் சொல்றேன்.”

வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன். விழுப்புரத்தில் எந்தப் பள்ளியில் கேட்கலாம், யார் வழியாகக் கேட்கலாம் என்பது வரை யோசித்து வைத்திருந்தேன். இதை நான் யோசித்திருக்கவே இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் வருவதே அவளுக்குப் பாரமா? கோபமும் வந்தது, அதைவிட வெட்கம் வந்தது. “செரி” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குமரேசனுக்கு எல்லாம் கேட்டிருக்கும். வெகுநேரம் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, “அடுத்து கொளத்துக்குப் போலாங்களா?” என்றார்.

“எங்கயும் வேணாங்க. நீங்க சொன்னீங்களே நெழல், அங்க போங்க.”

ஊருக்குள் நுழைகிற இடத்தில், ஞாயிறு என்பதால் பூட்டியிருந்த ஒரு லாரிப் பட்டறை முன் புளியமரத்தடியில் நிறுத்தினார். “ஏஞ்சாமி, நல்லாக் காலை நீட்டிப் படுத்துக்க, நேரமாச்சுன்னா நான் எழுப்பறேன்” என்று கயலிடம் சொல்லிவிட்டு, முன்சீட்டில் அவரும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். என் கணவர் இறங்கி மர வேரில் உட்கார்ந்தார். கயல் என் மடியில் தூங்கினாள். ஒன்றே கால் மணி நேரம் நான் அசையவில்லை. கால் மரத்துப்போனது. ஈ வந்தது, கையால் விசிறினேன். அவள் நெற்றியில் புதிதாக இரண்டு பரு வந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசலில் விட்டோம். திரும்பிப் பார்த்துக் கையாட்டிவிட்டு, சீக்கிரமாக உள்ளே போனாள்.

இனி, போகப் போகிறவர்களுக்கு. பிள்ளை விடுதியில் இருந்தால் ஆட்டோவுக்கு முன்னால் அறையைப் பாருங்கள். நாமக்கல்லில் பகலுக்கு மட்டும் ஏசி அறை ஆயிரத்துக்குக் கிடைக்கிறது, அவுட்டிங் ஞாயிறுகளில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். விடுதியில் காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிடுகிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். கோயிலுக்குப் போவதென்றால் பத்துக்குள் போய்விடுங்கள், ஒன்று போதும். பிள்ளை இல்லாமல் ஊர் பார்க்க வருகிறவர்கள் தை மாதம் வாருங்கள், கோட்டையில் மாலை நேரம் உட்காரலாம், என் ஐந்து இடத்தையும் நிதானமாகப் பார்க்கலாம். பிள்ளை ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் காலையிலேயே கேட்டுவிடுங்கள்.

ஜூன் அவுட்டிங்குக்கு நாங்கள் போகவில்லை. அந்த ஞாயிறு நான் பரணை ஒழித்தேன், திரைச்சீலை துவைத்தேன், மதியம் மூன்று மணிக்கு மொட்டைமாடியைக் கழுவினேன். இவர் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அடுத்த புதன் போன் வந்தது.

“ஞாயித்துக்கிழமை என்னடி பண்ண?”

“தூங்கினேம்மா. சாயந்தரம் கெமிஸ்ட்ரி படிச்சேன். நல்லா இருந்துச்சு. நீ?”

“நானும் நல்லாத்தான் இருந்தேன்.”

கயல் சிரித்துவிட்டாள். “பொய் சொல்லாத. மனசு சரியில்லன்னா நீ மாடிதான கழுவுவ. எத்தினி தடவ கழுவின, அப்பாகிட்ட கேக்கட்டா? ஜூலைக்கு வா. ஆனா என்னை எங்கயும் கூட்டிட்டுப் போவாத.”