கிணற்றின் மேல் விழுந்த பழி

எங்கள் கிணற்றுக்கு எதிராகத் தமுக்கு அடித்த அன்று நான் அத்தையோடு மிளகாய்த் தோட்டத்தில் இருந்தேன். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஊர் எங்களுடையது. தமுக்குச் சத்தம் கேட்டால் வரியாக இருக்கும், ஏலமாக இருக்கும், பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதாக இருக்கும். நமக்கென்ன என்று அத்தை தலை நிமிராமல் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். தமுக்குக்காரர் எங்கள் வரப்போரம் வந்ததும் அடிப்பதை நிறுத்திவிட்டார். குரலையும் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க கிணத்துலதான் காய்ச்சக் கொசு இருக்குதுன்னு டாக்டரு கண்டுபுடிச்சிட்டாருங்க. இனிமே யாரும் தண்ணி மொள்ளக் கூடாதுன்னு உத்தரவுங்க. எம்மேல வருத்தப்படாதீங்க."

அத்தை கையிலிருந்த களையைக் கீழே போடவே மறந்து நின்றாள்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம் அது. அப்போது எங்கள் பக்கமெல்லாம் சேலம் ஜில்லா. நான் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த வயது. மழை ஓய்ந்த கையோடு ஊருக்குள் குளிர்காய்ச்சல் வந்துவிடும். கொளுத்தும் வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நடுங்கும் ஆட்களை வீட்டுக்கு வீடு பார்க்கலாம். அந்த வருஷம் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரையும் வரவில்லை. அது வந்துகொண்டிருந்த தேசத்தை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான் என்று அப்பா சொன்னார். பெரியவர்கள் நடுங்கி, வேர்த்து, எப்படியோ எழுந்து நடந்தார்கள். சிறுசுகளில் சில எழவில்லை. கடைசி வீட்டு அக்காவின் மகன், தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தவன், அந்த ஐப்பசியில் போய்விட்டான். அவன் பிறந்தபோது மருத்துவச்சி வந்து சேர்வதற்குள் அவனைக் கையில் ஏந்தியவள் என் அத்தை.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். மொரப்பூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, மாமியாரோடு நியாயம் பேசி, நியாயம் கிடைக்காமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். தோட்டமும் கிணறும் அவள் பொறுப்பில் இருந்தன. ஊரிலேயே பெரிய கிணறு அது. ஒரு பக்கம் மாடு பூட்டித் தோட்டத்துக்கு இறைப்போம். இன்னொரு பக்கம் படி இறங்கிப் போய் ஊர்ப் பெண்கள் குடத்தில் மொண்டுகொள்வார்கள். கடைசி வீட்டு அக்கா தினமும் வருவாள். அவளும் அத்தையும் படியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் குடம் நிறைந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

இந்தக் கிணற்றைத்தான் அந்த டாக்டர் குற்றவாளி ஆக்கினார். அவரைக் 'கொசு டாக்டர்' என்று ஊரில் சொன்னார்கள். மனிதருக்கு வைத்தியம் பார்ப்பவர் அல்ல அவர். கொசுக்களை இனம் பிரிப்பதற்கென்றே படித்தவர். இளவயது. அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை காலுறையுமாக வந்து மாந்தோப்பில் கூடாரம் அடித்தார். அவருடைய ஆட்கள் விடியும்போதே மாட்டுக் கொட்டகைகளுக்குள் புகுந்து, சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுக்களைக் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

எல்லாக் கொசுவும் இந்தக் காய்ச்சலைத் தராதாம். தருகிற இனத்தை உடம்பின் அடையாளங்களை வைத்துச் சொல்லிவிடலாமாம். இறக்கை ஓரத்தில் எங்கெங்கே புள்ளி, முகத்து மீசையில் எத்தனை வெள்ளை வளையம், இறக்கை நரம்பில் எது கறுப்பு, எது வெளுப்பு என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். இனம் தெரிந்துவிட்டால் அது எந்தத் தண்ணீரில் முட்டையிடும் என்பது தெரியும். அந்தத் தண்ணீரில் எண்ணெய் ஊற்றிவிட்டால் காய்ச்சல் நின்றுவிடும். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! அந்த இளவயது டாக்டர் ஒரு காலைப்பொழுது குனிந்து பார்த்தார். இது கிணற்றில் முட்டையிடும் இனம் என்றார். எங்கள் கிணற்றில் எட்டிப் பார்த்தார். எந்தக் கிணற்றிலும் நெளிவது போல அங்கேயும் புழு நெளிந்தது. விசாரணை அதோடு முடிந்தது.

விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஊரே ஆமணக்கெண்ணெயில் திரி போட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் கிணற்றுக்கு மட்டும் சர்க்கார் டின் டின்னாக எண்ணெய் கொண்டுவந்து ஊற்றியது. தண்ணீரின் மேல் மயில் கழுத்து நிறத்தில் படலம் மிதந்தது. மாடுகள் தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டன. மிளகாய்ச் செடி வாடி நின்றது. குடிதண்ணீருக்கு நாங்கள் கோயில் கிணற்றுக்குப் போகவேண்டி வந்தது. அங்கே எங்கள் குடத்துக்கு எப்போதும் கடைசி முறைதான். யாரும் போகச் சொல்லவில்லை. எங்களுக்கு இடம் விடுவது போல விலகி நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் அத்தை பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள் கடைசி வீட்டு அக்காவை அங்கே எதிரில் பார்த்தோம். அத்தை வழக்கம்போல அவளுடைய குடத்தைத் தூக்கிவிடக் கை நீட்டினாள். அந்த அக்கா குடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்க. உங்க கிணத்துத் தண்ணிய ஊத்தி வளத்த புள்ளைய உங்க கிணத்துக் கொசுவே கொண்டுபோயிருச்சு. இன்னும் என்ன தூக்கி உட வரீங்க?"

நியாயம் பேசுவதில் பேர்போன அத்தை எங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்தபின்தான் பேசினாள், அதுவும் அடுப்போடு. ஒரு கொசுவைப் பார்த்து ஊரார் எதிரில் ஒரு குடும்பத்தைக் கொலைகாரர்கள் என்று சொல்ல அந்தக் கொசு டாக்டருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை அவளுடைய அம்மா இடம் மாற்றி உட்காரச் சொல்லியிருந்தாள்.

எண்ணெய் ஊற்றியும் காய்ச்சல் நிற்கவில்லை. அதனால்தானோ என்னவோ, மார்கழி வாக்கில் மதராஸிலிருந்து இன்னொரு டாக்டர் வந்தார். நரைத்த தலை, மெதுவான பேச்சு. இளையவர் பிடித்து ஊசியில் குத்திவைத்திருந்த அதே கொசுக்களை அவர் மறுபடியும் எடுத்துப் பார்த்தார். புதிதாகவும் பிடிக்கச் சொன்னார். பிறகு அப்பாவுக்கு ஆள் அனுப்பினார். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போடுவதற்குள் அத்தை தெருவில் இறங்கிவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

பெரிய டாக்டர் எங்களை நிற்க வைக்காமல் உட்காரச் சொன்னார். இது கிணற்றுக் கொசு அல்ல என்றார். ஓடும் தண்ணீரில், கரையோரப் புல்லடியில் முட்டையிடுகிற வேறு இனம். எண்ணெய் ஊற்றும் முன் உங்கள் கிணற்றில் எடுத்து வைத்திருந்த புழுக்களையும் பார்த்தேன், அவை காய்ச்சல் தராத சாதி. ஊருக்குக் கீழே போகிற ஓடையில்தான் வினை இருக்கிறது.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அத்தை கும்பிடவில்லை. கிணற்றுக் கொசு, ஓடைக் கொசு இரண்டையும் காட்டச் சொன்னாள். பெரிய டாக்டர் சிரிக்காமல் எழுந்து பூதக்கண்ணாடி முன் இடம் விட்டார். அத்தை ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னையும் பார்க்க விட்டாள். ஈர்க்கு போன்ற கால்கள், தூசி படிந்த மாதிரி இறக்கைகள். இரண்டும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன.

"ரெண்டும் ஒரே மாதிரிதான இருக்குதுங்க" என்றாள் அத்தை.

"ஆமாம்மா. இறக்கையில் ஒரே ஒரு நரம்புதான் வித்தியாசம். இதில் கறுப்பு, அதில் வெளுப்பு. அந்த நிறமும் பொடி மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பது. பிடிக்கும்போது கை பட்டால் உதிர்ந்துவிடும். பழகினவர்களுக்கே தவறிப்போகும். எனக்கும் தவறியிருக்கிறது."

நேர்மையான பதில்தான். பிற்காலத்தில் நான் ஆசிரியை ஆகிப் பாடப் புத்தகங்களுக்கு அப்பாலும் படித்தபோது, அவர் சொன்னது உண்மை என்று தெரிந்துகொண்டேன். பொடி போன்ற அந்தச் செதில் உதிர்ந்த கொசுவை வெறும் கண்ணடையாளத்தால் இனம் சொல்வது தேர்ந்தவர்களையும் ஏமாற்றுமாம். ஒரே கொசுவை இருவர் இரண்டு பெயர் சொல்லி அழைப்பதும் உண்டாம். ஆனால் அந்த நேர்மைதான் அன்று அத்தையின் கோபத்தைக் கிளப்பியது.

"தவறிப்போகும்னு உங்களுக்குத் தெரியுதுல்லீங்க? அப்ப சந்தேகமா இருக்குதுன்னு சொல்லித் தமுக்கு அடிச்சிருக்கலாமில்ல? கொசுவ ரெண்டு தடவ பாத்தீங்க. எங்கள ஒரு தடவகூடப் பாக்கலியே."

இளைய டாக்டர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கிணற்றிலும் புழு இருந்தது உண்மைதானே என்று முணுமுணுத்தார். பெரியவர் அவரைத் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். கிணற்றின் மேல் தப்பில்லை என்று மறுபடியும் ஒரு தமுக்கு அடிக்கச் சொல்லுங்கள் என்றார். பெரியவர் தயங்கினார். தமுக்கு அடிப்பது தாலுகா ஆபீசின் வேலை, தம்மால் எழுதிக் கேட்கத்தான் முடியும், பதில் வர நாளாகும் என்றார். சனங்களுக்குச் சர்க்கார் பேச்சில் நம்பிக்கை போய்விடக் கூடாது என்றும் ஏதோ சொன்னார்.

குற்றம் சொல்ல ஒரு காலைப்பொழுது போதும், குற்றமில்லை என்று சொல்லத் தாலுகா ஆபீசிலிருந்து பதில் வர வேண்டும். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

அத்தை எழுந்தாள். "நீங்க ஒண்ணும் அடிக்க வேணாம். நானே போய் வூட்டுக்கு வூடு சொல்லிக்கிறேன்."

அவள் நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. எனக்கு ஒரே கொண்டாட்டம். எங்கள் குடத்தைப் பார்த்து விலகி நின்றவர்கள் முகமெல்லாம் எப்படிப் போகும் என்று எண்ணிக்கொண்டே ஓடினேன். அத்தை வேறு எந்த வீட்டு முன்னாலும் நிற்கவில்லை. நேரே கடைசி வீட்டுக்குப் போனாள்.

அந்த வீட்டின் பின்புறம் சரிந்து இறங்கி ஓடையில் முடியும். அக்கா கரையில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் தெளிவாக, கூழாங்கல் தெரிய ஓடியது. கரை முழுக்கப் பச்சைப் புல். அவள் தலைக்கு மேலே புங்கமரம். அதன் தாழ்ந்த கிளையில் ஒரு சேலைத் தூளி. பிள்ளை போய் இத்தனை நாளாகியும் அவள் அதை அவிழ்க்கவில்லை. காற்றுக்கு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அத்தை அந்தத் தூளியைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

அக்கா நிமிர்ந்தாள். என்ன நினைத்தாளோ, கோயில் கிணற்றில் பார்த்த அன்றைக்குப் பிறகு முதல் முறையாக அவளே பேசினாள். "பெரிய டாக்டரு வந்திருக்காராமே. என்ன சொன்னாருங்க?"

எனக்குப் பொறுக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது.

"அவனுங்களுக்கே தெரியல கண்ணு" என்றாள் அத்தை. "ஒருத்தன் ஒண்ணு சொல்றான், இன்னொருத்தன் ஒண்ணு சொல்றான். எல்லாத் தண்ணியிலயும் எண்ண ஊத்தப் போறாங்களாம்."

"அப்ப உங்க கிணறு?"

"அதுலயும் இருக்கும்னுதான் சொல்றாங்க."

அக்கா மறுபடி பாத்திரத்தைத் துலக்க ஆரம்பித்தாள். அத்தை சரிவில் இறங்கிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பாத்திரத்தை எடுத்துக் கழுவினாள். அந்த அக்கா அதைப் பிடுங்கவில்லை.

வழியெல்லாம் நான் அழுதுகொண்டே வந்தேன். பொய் சொன்னாய், பொய் சொன்னாய் என்று அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நடந்ததை ஒப்பித்தேன். அப்பா அத்தையைக் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை, "அந்த ஓடக்கர மரத்துலதான் புள்ளைக்குத் தூளி கட்டியிருந்தா" என்றாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கூடாரத்தில் கேட்டதை வெளியே எங்கும் சொல்லக் கூடாது என்று எனக்குத்தான் உத்தரவு போட்டார்.

ஓடைக்கு எண்ணெய் ஊற்ற ஆட்கள் டின்களோடு வந்தார்கள். எங்கள் கிணற்றில் படலம் விலகி, அடிப்படி தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது. மாடுகள் முகம் சுளிக்காமல் குடிக்கத் தொடங்கியிருந்தன. ஆட்கள் எங்கள் வரப்பைத் தாண்டிப் போகும்போது அத்தை கைதட்டி அவர்களைக் கூப்பிட்டாள்.

"இதுலயும் ஊத்திட்டுப் போங்க."

உங்கள் கிணற்றுக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களே அம்மா என்றான் ஒருவன். ஊற்றச் சொல்கிறேன் அல்லவா என்று அத்தை அதட்டினாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் படியில் இறங்கினான். கடைசி வீட்டு அக்கா தூரத்தில், தெருக்கோடியில், இடுப்பில் குடத்தோடு நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மிளகாய்ப் பாத்தியில் நின்று பல்லைக் கடித்தேன். மாமியாருக்கே அஞ்சாதவள் என்று ஊரெல்லாம் சொல்லும் என் அத்தை, கடைசியில் அந்த அரைக்கால் சட்டை டாக்டருக்குப் பயந்துவிட்டாள் என்று அந்த வயதில் எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. அதன்பின் பொங்கல் வரை நான் அவளோடு பேசவில்லை.