நிற்க வைக்கப் பயந்தவள்

விஜயநகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஹைமாவதி பதினோரு வருடமாகக் கீழ்த்தளத்தில் பிசியோதெரபி வேலை பார்த்தாள். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு மெழுகு ஒத்தடம், தோள் இறுகியவர்களுக்குக் கயிறும் கப்பியும், பக்கவாதம் வந்தவர்களுக்கு நடைப் பயிற்சி. அவள் கையால் யாரும் செத்ததில்லை. கத்தினார்கள், திட்டினார்கள், வீட்டுக்குப் போனார்கள். அவ்வளவுதான்.

இரண்டாவது அலை வந்த மே மாதத்தில் அவள் அறையைப் பூட்டிவிட்டார்கள். கண்காணிப்பாளர் கூப்பிட்டு, "நாளையிலேர்ந்து மேல கொரோனா வார்டுக்குப் போம்மா" என்றார்.

"முழங்காலுக்கு மெழுகு வெக்கிறவளுக்கு அங்க என்ன சார் வேலை?"

"குப்புறப் படுக்க வெக்கணும், சளிய வெளிய எடுக்கணும், மூச்சு இழுக்கச் சொல்லித்தரணும், எழுப்பி நிக்க வெக்கணும். நர்சுங்களுக்கு ஊசி போடவே நேரம் பத்தல. உன்னவிட்டா யாரு இருக்கா?"

மறுநாள் கவச உடைக்குள் நுழைந்ததும் அவளுக்குத் தன் மூச்சே காதில் பெரிதாகக் கேட்டது. முப்பது கட்டில்கள். முப்பது பேரும் கரையில் போட்ட மீனைப்போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். கதவருகிலேயே நின்றுவிட்டாள். மேரி சுகுணா என்ற நர்சு முதுகில் கைவைத்துத் தள்ளித்தான் உள்ளே கொண்டுபோனாள்.

நான்காம் நாள் சத்யவேணி என்ற அங்கன்வாடி டீச்சருக்கு உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. ஹைமாவதி அவளைத் தூக்கி, காலைத் தொங்கப்போட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தாள். "அப்பாடா, முதுகு வலி விட்டுச்சு" என்றாள் சத்யவேணி. சொல்லி வாய் மூடவில்லை, விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியின் எண் தொண்ணூற்றொன்றிலிருந்து எண்பத்து நாலுக்கு இறங்கியது. பிறகு எழுபது. பதறிப்போய்ப் படுக்க வைத்தார்கள். மத்தியானச் சாப்பாடு வருவதற்குள் உயிர் போய்விட்டது.

"நுரையீரல்ல ரத்தக் கட்டி அடைச்சிருக்கு. நீ உக்கார வெச்சதால இல்ல" என்றார் டாக்டர். ஹைமாவதி தலையை ஆட்டினாள். ஆனால் அந்தப் பேச்சு காதோடு நின்றுவிட்டது. 'சும்மா படுத்திருந்தால் பிழைத்திருப்பாளோ?' என்பது மட்டும் உள்ளே அரித்துக்கொண்டேயிருந்தது.

வீட்டில் அவள் மாடி அறையில் தனியாக இருந்தாள். கணவர் பணீந்திரா மூடிய தட்டை மாடிப்படியில் வைத்துவிட்டு இறங்கிவிடுவார். ஐந்து வயது லாஸ்யா கீழேயிருந்து கத்துவாள்: "அம்மா, செத்துட்டியா?"

"இல்லடி, இருக்கேன்!"

"சரி, அப்ப சாப்பிடு!"

பணீந்திரா ஒருநாள் படியிலேயே நின்று, "வேலைய விட்டுரு ஹைமா. நீ இருந்தாப் போதும்" என்றார். அவளுக்கும் அதுதான் ஆசை. ராஜினாமாக் கடிதம்கூட எழுதினாள். கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால், பயந்தாங்கொள்ளி என்று மேரி நினைப்பாளே என்ற பயம்தான் என்பாள். விரலில் கருவியை மாட்டித் தன் எண்ணைப் பார்ப்பாள். தொண்ணூற்றெட்டு. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பவும் பார்ப்பாள்.

அந்த வாரத்தில்தான் அப்பலராஜு வந்தார். அரிசி ஆலையில் மூட்டை சுமக்கிறவர், ஐம்பத்திரண்டு வயது, கதவை அடைக்கிற உடம்பு. குப்புறப் படுக்கச் சொன்னால் முகமூடிக்குள்ளிருந்தே உறுமினார்.

"பொணத்தக்கூட மல்லாத்தித்தாம்மா போடுவாங்க. நான் இன்னும் பொணம் ஆகல. என்னைக் குப்புறப் போடாத."

"குப்புறப் படுத்தாத்தான் முதுகுப் பக்கத்து நுரையீரலுக்குக் காத்துப் போகும், அப்பலராஜுகாரு."

"திரும்பினேன்னா மூச்சு நின்னுரும். எனக்குத் தெரியும். எனக்குப் பயமா இருக்கும்மா."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள் ஹைமாவதி. எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "இந்த உடுப்புக்குள்ள கை காலெல்லாம் நடுங்குது. பாருங்க."

இரட்டைக் கையுறை போட்ட கையை நீட்டினாள். நடுங்கத்தான் செய்தது. அவர் அதையே உற்றுப் பார்த்தார். "நல்ல ஆளுகிட்ட மாட்டினேன்டா சாமி" என்று சிரிக்கப்போய், இருமலில் கண் பிதுங்கியது. இருமல் அடங்கியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். மேரியும் அவளும் சேர்ந்து புரட்டினார்கள். அரைமணி நேரத்தில் எண் நான்கு ஏறியது.

ஒன்பதாம் நாள் அவர் புதுப் பிடிவாதம் பிடித்தார். "கட்டில்லயே வெளிக்கிப் போறது இனிமே முடியாது. என்னைக் கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போ. இல்லேன்னா நானே தவழ்ந்து போவேன்."

ஹைமாவதி முடியாது என்றாள். இரண்டு நாள் சாக்குச் சொன்னாள். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர நிக்க வெக்கலன்னா காலு சூம்பிரும், ரத்தமும் கட்டிக்கும். இது என் வேலை இல்ல, உன் வேலை."

நின்றாலும் ஆபத்து, படுத்தாலும் ஆபத்து. மறுநாள் காலை சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை மேரி தள்ளிக்கொண்டு வர, ஹைமாவதி அவர் இடுப்பில் துணிப்பட்டையைக் கட்டிப் பிடித்தாள். அவர் உட்கார்ந்தார். நின்றார். எண் தொண்ணூற்றிரண்டு. எண்பத்தேழு. எண்பத்து மூன்று.

அவள் கண்முன் சத்யவேணியின் முகம்தான் நின்றது. 'படுக்க வை, படுக்க வை' என்று உள்ளே ஒரு குரல் அலறியது. குப்பென்று வியர்த்தது. கவசக் கண்ணாடியில் ஆவி படிந்து எண்ணே தெரியவில்லை.

"மூக்கால இழுங்க. சூடான காப்பிய ஊதுற மாதிரி மெதுவா ஊதுங்க. இன்னொரு தடவை. மேரி, எவ்வளவு?"

"எண்பத்து மூணு... எண்பத்தஞ்சு. ஏறுதுக்கா. எண்பத்தொம்பது!"

பதினோரு தப்படி நடந்தார்கள். மூட்டையோடு லாரிப் பலகையில் ஓடி ஏறியவருக்கு அதற்குக் கால்மணி நேரம் பிடித்தது. கக்கூசுக்குள் போனதும் அவர் கதவைச் சாத்திக்கொண்டார். ஆக்சிஜன் குழாய் மட்டும் கதவுக்கு அடியில் போயிற்று. ஹைமாவதி குழாய் நசுங்காமல் பிடித்துக்கொண்டு வெளியே குந்தினாள். உள்ளே சத்தமே இல்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

"அப்பலராஜுகாரு!"

கதவைத் தட்டினாள்.

"அப்பலராஜுகாரு! கதவ உடைக்கட்டுமா?"

"அட, இங்கயாவது நிம்மதியா விடும்மா!" என்றது உள்ளேயிருந்து குரல்.

மேரி சிரித்தாள். ஹைமாவதி குழாயைப் பிடித்தபடியே அழுதாள். கவசக் கண்ணாடிக்குள் கண்ணீரைத் துடைக்க வழியில்லை, அது தானாகக் காய வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு அந்த வார்டில் எண்பதுக்கு மேற்பட்டவர்களை அவள் எழுப்பி நிற்க வைத்தாள். ஏழு பேர் வீடு திரும்பவில்லை. ஏழு பேரின் பெயரும் அவளுக்குத் தெரியும். பழகிப்போய்ப் பயம் விட்டதா என்றால், இல்லை. ஒவ்வொருவர் காலும் தரையில் படும்போது அவளுக்கு வாய் உலர்ந்தது. உலர்ந்த வாயோடுதான் "இழுங்க, ஊதுங்க" என்றாள்.

அப்பலராஜு இருபத்தாறாம் நாள் வீட்டுக்குப் போனார். மூட்டை தூக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. இப்போது அதே ஆலையில் வாசல் காவலுக்கு இருக்கிறார். ஜூலையில் ஹைமாவதியின் அறையைத் திறந்துவிட்டார்கள். முதல் நாள் வந்தது முழங்கால் வலிக்காரர் ஒருவர். நாற்காலியிலிருந்து அவர் எழுந்ததும், அவள் கருவி மாட்டப்போகிறவள்போல அவர் விரலைப் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தாள்.

"முட்டிதாம்மா வலிக்குது. விரல் நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர்.