சாமிப் படங்களுக்குப் பின்னால்

பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு பழைய வீடு வாங்கினேன். வாங்கமுன் கூரை, கதவு, கிணறு எல்லாம் பார்த்தேன். சாமியறையில் மட்டும் எதையும் பார்க்கவில்லை, கும்பிட்டேன். ஒரு சுவர் முழுக்கப் படங்கள். அடுத்தவர் வீட்டுச் சாமியைத் தூக்கிப் பின்னால் பார்க்க எங்கள் ஆட்களுக்குக் கை வராது. திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்து விலைக்குச் சம்மதித்தேன்.

வீட்டுத் திறப்புக் கொத்தைக் கையில் தந்த அன்று, விற்றவர் படங்களைப் பக்தியோடு கழற்றி வேட்டியில் சுற்றினார். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம்.

"இதென்ன அண்ணை?"

"சாம்பிராணிப் புகை, தம்பி."

தொட்டுப் பார்த்தேன். புகை ஈரமாக இருந்தது.

சாமியறையை ஒட்டிப் பிற்பாடு கட்டிய குளியலறையில் குழாய் ஒழுகுகிறது என்று மேசன் கண்டுபிடித்தார். குழாயை மாற்றினோம், சுவரைக் கொத்திப் பூசினோம். மாரி மழை வந்ததும் பூஞ்சணமும் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சந்தைக்குப் போய் ஐந்து பெரிய சாமிப் படங்கள் வாங்கி வந்து மாட்டினேன்.

பல்கலைக்கழகம் வரும் தன் மகளுக்கு வாடகை வீடு பார்க்கக் கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய் வந்தார். சாமியறையில் கண்ணை மூடிக் கும்பிட்டார். திருநீறும் பூசினார். பிறகு நடுப் படத்தைத் தூக்கிப் பின்னால் பார்த்தார்.

"சாம்பிராணிப் புகை," என்றேன்.

"ஓம், நாங்களும் அப்பிடிச் சொல்லித்தான் எங்கடை பழைய வீட்டை வித்தனாங்கள்," என்றார்.