மண்டபத்துக்குக் கிளை பிரித்த கதை

பெப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறு மணிக்குத் தோட்ட அலுவலக முற்றத்து மழைமானியைப் பார்த்தேன். பதினான்கு மில்லிமீட்டர். குறித்துக்கொண்டேன். ஆறே காலுக்கு பிளேன்டீ. ஏழு மணிக்கு ஐந்து சட்டைகளை அயன் பண்ணினேன். சரியாகப் பத்து மணிக்கு லெப்டொப்பும் டொங்கிளுமாகத் தோட்ட மண்டபத்தில் இருந்தேன்.

ஞாயிறு பத்து மணி என்றால் எனக்கு ‘மேர்ஜ்’ நேரம்.

சிரிக்காதீர்கள், விளக்குகிறேன்.

குருவிட்டவுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரே ஒரு மண்டபம். செயலாளர் நான். எந்த நாள் யாருக்கு என்று எழுதிய கொப்பி என் வீட்டில் இருந்தவரை, கொழும்பிலிருந்தும் கட்டாரிலிருந்தும் ஓயாமல் போன். போன வருடம் டவுன் பள்ளிக்கூடத்துக் கணினி ஆசிரியை ஃபரீனா மிஸ் இரக்கப்பட்டு, பட்டியலை இணையத்தில் ஏற்றித் தந்தார். மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் கோட் எல்லாம் வைத்திருக்கும் தளம் அது. எங்கள் மண்டபப் பட்டியலும் அதில் ஒரு மூலையில்!

மிஸ் போட்ட நிபந்தனை ஒன்றுதான். “சேர், மெயின்ல நேரா கை வைக்காதீங்க. ஊரே பார்க்கிறது அதைத்தான். ஒரு கிளை போட்டு, அதுல எழுதி, கமிட்டி சரின்னதும் மெயின்ல சேர்த்துருங்க. அதுக்குப் பேர்தான் மேர்ஜ்.”

கிளை போடுவது எவ்வளவு சுலபம் தெரியுமா? பக்கத்தின் மேலே ‘மெயின்’ என்று சின்னப் பெட்டி. அதை அமத்தி, புதுப் பெயர் ஒன்றைத் தட்டினால், ‘இந்தப் பெயரில் கிளை உருவாக்கவா’ என்று கீழே ஒரு வரி வரும். அதையும் அமத்தினால் முடிந்தது. முழுப் பட்டியலுக்கும் ஒரு பிரதி ரெடி. எத்தனை கிறுக்கினாலும் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்? விண்ணப்பத்துக்கு ஒரு கிளை என்று போட ஆரம்பித்தேன். பெயர், விசேஷம், திகதி எல்லாம் ஒழுங்காக.

ஒழுங்கு கொஞ்சம் கூடிப்போனது. கிளை போட்ட கையோடு அதன் லிங்கையும் விண்ணப்பித்தவருக்கு அனுப்பிவைத்தேன்... ‘உங்க பேர் ஏறியாச்சு’ என்று.

அன்றைக்கு இரண்டு கிளைகள். ஒன்று, ஃபெக்டரி லொறி டிரைவர் முருகையாவின் மகள் கல்யாணம். மற்றது, பெண் கங்காணி சரோஜினியின் மகள் சடங்கு. இருவரும் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள்.

முருகையாவின் கிளையைச் சேர்த்தேன். பச்சைப் பட்டன், ஒரே அமத்து, சேர்ந்தது. சரோஜினியின் கிளை... பட்டன் சாம்பல் நிறம். ‘முரண்பாடு உள்ளது’ என்றது தளம்.

“மொகத ஐயா இது?” என்று சிங்களத்தில் ‘என்ன’ கேட்டார் சரோஜினி. “எனக்கு மட்டும் பச்சை வரல்ல?”

திறந்து பார்த்தேன். மார்ச் 9, ஞாயிறு. முருகையா. அதே மார்ச் 9, ஞாயிறு. சரோஜினி.

“நீங்கதானே ஐயா அனுப்பினீங்க, இந்தா பாருங்க,” என்று சரோஜினி போனை நீட்டினார். முருகையாவும் நீட்டினார். இரண்டு போனிலும் அவரவர் பெயர். இரண்டும் உண்மை.

“நம்ம தோட்டத்துக்கு ஒரு ஹோல்தானே,” என்றார் முருகையா மெதுவாக. “இல்ல, ஐயாகிட்ட ரெண்டு இருக்கா?”

இருவரையும் விசாரித்தேன். முருகையா கார்ட் அடித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் கேகாலையிலிருந்து வர வேன் பேசியாகிவிட்டது. சரோஜினியின் தம்பி கட்டாரிலிருந்து லீவில் வருகிறார். பதினோராம் திகதி திரும்ப ஃபிளைட். தாய்மாமன் இல்லாமல் சடங்கா? ஆக, இரண்டு பேருக்கும் நாளை மாற்ற வழியில்லை.

ஃபரீனா மிஸ்ஸுக்கு போன் போட்டேன். சிரித்தார். “ஒரு கிளையில எழுதினது மத்தக் கிளைக்குத் தெரியாது சேர். அதுக்குத்தானே கிளை!”

“இப்ப என்ன செய்ய?”

“எந்த வரி இருக்கணும்னு கம்ப்யூட்டர் சொல்லாது. மனுஷங்கதான் சொல்லணும்.”

போனை வைத்தேன். திரையில் முருகையாவின் வரிக்கும் சரோஜினியின் வரிக்கும் நடுவே சமக்குறிகள் வரிசையாக நின்றன. மேலேயும் கீழேயும் அம்புக்குறிகள்.

சரோஜினி குனிந்து பார்த்தார். “எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எதுக்கு ஐயா வேலி? முருகையாண்ணே, உங்க முகூர்த்தம் எத்தனை மணிக்கு?”

“ஒம்பதரை.”

“எங்களுக்கு மூணு மணிக்கு மேலதான். ரெண்டு மணிக்கு உங்க ஆளுங்க எழும்பிருவாங்களா?”

“எழும்பாட்டி?”

“என் தம்பி எழுப்புவான். ஆறடி.”

“ஹரி, ஹரி,” என்று முருகையாவும் சிங்களத்திலேயே ‘சரி’ சொன்னார். “மணவறையக் கழட்ட வேணாம், புள்ளைய அதுலேயே உக்கார வைங்க. வாழை மரம் என் செலவு.”

“மைக் செட் என்னோடது. பாட்டு மட்டும் உங்க மச்சான் போடக் கூடாது!”

மொத்தம் நான்கு நிமிடம். நான் செய்ததெல்லாம் இதுதான்: வேலியையும் அம்புகளையும் அழித்தேன், இரண்டு வரியையும் வைத்துக்கொண்டேன், காலை, மாலை என்று ஒவ்வொரு சொல் சேர்த்தேன். பச்சை வந்தது.

யோசித்துப் பாருங்கள். வீட்டிலும் ஆபீசிலும் நாம் போடும் சண்டைகளில் பாதி இப்படித்தானே? அவரவர் பிரதியில் அவரவர் பெயர் ஏறியிருக்கும். பக்கத்தில் இருப்பவரின் பிரதியை யாரும் கேட்டுப் பார்த்திருக்க மாட்டோம்.

இவர்கள் இருவரும் பார்த்தார்கள். செயலாளர்தான் பார்க்கவில்லை. இனி லிங்க் அனுப்புவது மெயினில் சேர்ந்த பிறகுதான் என்று டயரியில் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்தேன். மழைமானிக்குப் போகும் முன், வேலை முடிந்த கிளைகளை நீக்கலாமே என்று கிளைப் பட்டியலைத் திறந்தேன். இரண்டு அல்ல, மூன்று இருந்தன. மூன்றாவது ஐந்து வாரம் பழையது: மண்டபச் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம், மார்ச் 9, ஞாயிறு, நாள் முழுதும். கிளை போட்டவர், செயலாளர்.

முகம்கூடக் கழுவவில்லை. முதல் வேலையாக அதை அழித்தேன். ‘மீட்டெடுக்கவா?’ என்று தளம் மரியாதையாகக் கேட்டது. பதில் சொல்லாமல் மூடிவிட்டேன்.